28-ஐ 18 ஆக்கினேன், 18-ஐ 5 ஆக்கினேன், ஏசிக்கும் 5 விழுந்துவிட்டது: ஒரே குவெரியில் மாற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உங்கள் மாமாவின் கடை. கீழே மளிகை, மாடியில் டிவி, ஏசி. பில்லிங் மென்பொருளை நீங்களே பிஎச்பி மொழியில் எழுதியிருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சுமார் 4000 பொருட்கள். 2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்துக்காக, 28 என்று இருந்ததை எல்லாம் 18 ஆக்க ஒரு அப்டேட், 18 என்று இருந்ததை 5 ஆக்க இன்னொன்று என்று வரிசையாக ஓட்டினீர்கள். ஏசிக்கும் 5 சதவீதம் வந்து நின்றது. பேக்கப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, பொருள் பொருளாக லூப்பில் ஓட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள் இழுக்கிறது. ஒரே குவெரியில் (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளை), நிபந்தனைக்கு ஏற்ற மாதிரி பல ரோக்களை மாற்ற வழியுண்டா என்கிறீர்கள். (வரி என்றால் இங்கே டாக்ஸ்தான். டேபிளில் இருக்கும் வரியை ரோ என்றே சொல்கிறேன், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் தலை சுற்றும்.)

வழி உண்டு, சின்னதுதான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, ஒரு மாற்றம் இன்னொன்றின் மேல் ஏறி மிதிக்காமல் எப்படிச் செய்வது. இரண்டாவது, எந்தப் பொருளுக்கு எந்த வரி என்பதை யார் முடிவு செய்வது. முதலாவதை எஸ்க்யூஎல், அதாவது குவெரி எழுதும் மொழி, தீர்க்கும். இரண்டாவதை எந்தக் குவெரியும் தீர்க்காது. புதுச்சேரியிலும் கடலூரிலும் கடைகளுக்கு 20 வருடமாக இதே வேலையைச் செய்து வருகிறேன். நான் பார்த்தவரை பெரிய சேதம் எல்லாம் இரண்டாவதில்தான் வந்திருக்கிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டு அப்டேட்டின் வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தாலே, அதாவது முதலில் 18-ஐ 5 ஆக்கிவிட்டு அப்புறம் 28-ஐ 18 ஆக்கியிருந்தால், ஏசி தப்பித்திருக்கும். அது நிஜம். ஆனால் அந்த வைத்தியத்தை நம்ப வேண்டாம். 12-ல் இருந்து 18-க்குப் போகிற பொருள், 18-ல் இருந்து 5-க்கு வருகிற பொருள், 28-ல் இருந்து 18-க்கும் 40-க்கும் பிரிகிற பொருள் என்று வந்துவிட்டால் எது முந்தி, எது பிந்தி என்று கணக்குப் போட்டே விடிந்துவிடும். அ-வை ஆ-வாகவும் ஆ-வை அ-வாகவும் மாற்றவேண்டும் என்றால் எந்த வரிசையும் உதவாது. அதனால் எஸ்க்யூஎல்லில் இருக்கும் கேஸ் என்ற அமைப்பைப் போடுங்கள், நிபந்தனையைப் பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுப்பது அது. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன், தட்டும்போது நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள்:

அப்டேட் பொருள்
செட் வரி = கேஸ்
வென் வரி = 28 அண்ட் பிரிவு = 'குளிர்பானம்' தென் 40
வென் வரி = 28 தென் 18
வென் வரி = 18 அண்ட் பிரிவு இன் ('ஷாம்பூ', 'பற்பசை', 'பிஸ்கட்') தென் 5
வென் வரி = 12 அண்ட் பிரிவு இன் ('நோட்டு', 'பென்சில்') தென் 0
வென் வரி = 12 அண்ட் பிரிவு இன் ('நெய்', 'வெண்ணெய்', 'குடை') தென் 5
எல்ஸ் வரி
எண்ட்
வேர் வரி இன் (12, 18, 28);

ஏசி ரோவை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். அதன் வரி 28. முதல் வென், குளிர்பானமா? இல்லை. இரண்டாவது வென், 28-ஆ? ஆம், 18 கிடைத்தது. அதோடு அந்த ரோவுக்குக் கேஸ் முடிந்தது, மூன்றாவது வென்னை அது எட்டிக்கூடப் பார்க்காது. அடுத்து ஷாம்பூ ரோ. வரி 18, மூன்றாவதில் பிடிபட்டு 5 ஆகிறது. ஒவ்வொரு ரோவும் அப்டேட் தொடங்கும் முன் இருந்த தன் பழைய மதிப்பை வைத்துத்தான் சோதிக்கப்படுகிறது, ஒரு தடவை மட்டும். ஒரே குவெரியின் உண்மையான பலன் இதுதான், வேகம் அதற்கு அடுத்தது. முதலில் பொருந்துகிற வென்னே ஜெயிக்கும் என்பதால், குறுகிய நிபந்தனை மேலே, பொதுவானது கீழே. முதல் இரண்டு வென்னை இடம் மாற்றிப் போட்டால் பெப்ஸிக்கும் 18 விழும்.

குவெரி ஓடுகிறபோதே மாறிய ரோவைத் தரவுத்தள என்ஜின் மறுபடி பார்த்துத் திரும்ப மாற்றிவிடாதா என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம்தான். 1976-ல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தள ஆராய்ச்சியில் இதே கோளாறு வந்தது. 25,000 டாலருக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 10 சதவீதம் உயர்வு என்று ஒரு அப்டேட். குவெரி பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது, ஆனால் எல்லோருமே குறைந்தது 25,000 வாங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பள இண்டெக்ஸ் வழியாக மேலே நகர்ந்த ரோவை என்ஜின் திரும்பத் திரும்பச் சந்தித்து உயர்த்திக்கொண்டே போயிருக்கிறது. கண்டுபிடித்த நாள் ஹாலோவீன் என்பதால் ஹாலோவீன் சிக்கல் என்றே பெயர். இன்றைய தரவுத்தளங்கள் எல்லாம் இதைத் தடுத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன, கவலை வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு அப்டேட்டை அடுத்தடுத்து ஓட்டி நீங்கள் கையாலேயே அதே சிக்கலை உண்டாக்கிக்கொண்டீர்கள்.

எல்ஸ் வரி என்கிற அந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்ஸ் இல்லாத கேஸ், எதிலும் பொருந்தாத ரோவுக்கு 'நல்' கொடுக்கும், அதாவது மதிப்பே இல்லாத காலி நிலை. இதில் நான் சூடுபட்டவன். பல வருடம் முன்பு கடலூர் முதுநகர் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனிக்கு மென்பொருள் போட்டிருந்தேன். விசைப்படகுக்கு ஒரு விலை, நாட்டுப்படகுக்கு ஒரு விலை, மீன் வியாபாரிக்கு ஒரு விலை. படகுக்காரர்களின் விலை மட்டும் மாறியது. கேஸில் இரண்டு வென் எழுதினேன், எல்ஸ் எழுதவில்லை, எந்த ரோக்களை மட்டும் தொடவேண்டும் என்று சொல்லும் வேர் எழுதவில்லை. சாயங்காலம் ஓட்டிவிட்டு பஸ் ஏறி புதுச்சேரி வந்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குப் போன். வியாபாரிகளின் பில் எல்லாம் பார் ஐஸ் எண்ணிக்கை சரியாக, தொகை பூஜ்யமாக அச்சாகிக்கொண்டிருந்தது. வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, ஐஸ் உருகுகிறது, கணக்குப்பிள்ளை வசனமாகப் பொழிகிறார். பேக்கப் எடுக்கவில்லை. கார்பன் காப்பி பில் புத்தகம் இருந்ததால், அதைப் பார்த்து ஒவ்வொரு விலையாகத் திரும்ப ஏற்றினோம். தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஃபீல்டு நல் ஏற்காது என்றுதான் வைத்திருந்தேன், ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால், பல ரோக்களை மாற்றும் அப்டேட்டில் நல்லுக்குப் பதில் சத்தமில்லாமல் பூஜ்யத்தைப் போட்டுவிடும். ஸ்ட்ரிக்ட் மோடு இருந்தால் பிழை காட்டி நின்றிருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, ஆனால் பழைய சர்வரை அப்படியே இழுத்துக்கொண்டு வருகிற கடைகளில் யாராவது அணைத்து வைத்திருப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஸ் இருக்கும்போது வேர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எல்ஸ் பழைய மதிப்பையே திரும்ப எழுதும், அதனால் விடை ஒன்றுதான். ஆனால் வேலை ஒன்றல்ல. மைஎஸ்க்யூஎல் மதிப்பு மாறவில்லை என்றால் எழுதாமல் விட்டுவிடும், என்றாலும் ரோவைப் பூட்டத்தான் செய்யும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம், மதிப்பு அதேதான் என்றாலும் ரோவுக்குப் புதிய பிரதி எழுதும், டேபிள் வீங்கும். 4000 பொருளுக்கு இது ஒன்றுமே இல்லை, 40 லட்சம் என்றால் தெரியும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சில் ஓட்டினால் 1175 என்று ஒரு பிழை வரலாம், கீ இல்லாத வேர் என்று தடுக்கும். அந்த சேஃப் அப்டேட் அமைப்பை இந்த ஒரு வேலைக்கு அணைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி இயக்கிவிடுங்கள். நிரந்தரமாக அணைத்து வைப்பவர்களுக்கு என் ஐஸ் கம்பெனிக் கதையைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு முக்கியமாக வரப்போகிற ஒரு சிக்கல் இன்னொன்று. கடலூர்க் கடை என்றால் எண் 33-ல் தொடங்கும் ஜிஎஸ்டி பதிவு, புதுச்சேரி வியாபாரி என்றால் 34. ஆற்றைத் தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு என்பதால், உள்ளூர் பில்லுக்கு சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், அவருக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டியும் என்று மூன்று ஃபீல்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 18 என்றால் 9, 9, 18. மூன்றையும் ஒரே அப்டேட்டில் மாற்றும்போது செட்டில் முதலில் ஐஜிஎஸ்டிக்குக் கேஸ், அடுத்து சிஜிஎஸ்டி = ஐஜிஎஸ்டி / 2 என்று எழுதத் தோன்றும். மைஎஸ்க்யூஎல் ஒற்றை டேபிள் அப்டேட்டில் இடமிருந்து வலமாகப் போகும், அதனால் இரண்டாவது இடத்தில் அது பார்ப்பது மாறிய ஐஜிஎஸ்டியை. 18-ல் இருந்து 5-க்கு வருகிற பொருளுக்குச் சரியாக 2.5 வரும். அதே குவெரியை போஸ்ட்கிரெஸிலோ ஆரக்கிளிலோ எஸ்க்யூஎல் சர்வரிலோ ஓட்டினால் பழைய ஐஜிஎஸ்டியில் பாதி, 9 வரும். எஸ்க்யூஎல் தரம் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான், மைஎஸ்க்யூஎல் தனி வழி. மரியாடிபி 10.3-ல் தரப்படி நடக்க ஒரு மோடு சேர்த்தார்கள், அதை நீங்களாகப் போட்டால்தான் வரும். உங்கள் மென்பொருள் இன்று மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது, நாளைக்கு எங்கே இருக்குமோ. மூன்று ஃபீல்டுக்கும் மூன்று கேஸ் எழுதிவிடுவது நீளம்தான், ஆனால் எங்கே ஓட்டினாலும் ஒரே விடை. அப்படி எழுதினாலும் ஒவ்வொரு கேஸும் தன் சொந்த ஃபீல்டையே சோதிக்கட்டும். சிஜிஎஸ்டியின் கேஸ் ஐஜிஎஸ்டி = 18 என்று சோதித்தால் மைஎஸ்க்யூஎல்லில் அது ஏற்கெனவே மாறியிருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. மேலே எழுதிய குவெரி வழியைக் காட்டத்தான், கடையில் அப்படியே ஓட்ட அல்ல. வரி பழைய சதவீதத்தைப் பார்த்து மாறவில்லை, பொருளைப் பார்த்து மாறியது. பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தை வைத்து மாற்றலாமே என்று பலர் முயன்றார்கள். 3305-ல் ஹேர் ஆயிலும் ஷாம்பூவும் 5-க்கு வந்தன, ஹேர் டை 18-லேயே நின்றது. 3401-ல் குளியல் சோப்புக்கட்டி 5, திரவ ஹேண்ட்வாஷ் 18. துணிக்கு விலையே நிபந்தனை: ஒரு உருப்படி 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12-ல் இருந்து 18. 12-ல் இருந்ததெல்லாம் 5-க்குத்தானே வந்தது என்று ஒரு பொதுவான வென் எழுதியிருந்தால், விலை கூடிய சட்டையில் மாட்டிக்கொண்டிருப்போம். எந்தப் பொருள் எங்கே சேரும் என்பதில் உங்கள் ஆடிட்டர் சொல்வதே செல்லும், நான் மென்பொருள்காரன்.

அதனால் 4000 பொருளையும் எக்ஸலில் எடுத்து மாமாவிடம் கொடுங்கள். பொருள் எண், பெயர், பழைய வரி, பக்கத்தில் காலியாகப் புதிய வரி. அவரும் ஆடிட்டரும் நிரப்பட்டும். திரும்பி வந்ததை வரிமாற்றம் என்று ஒரு டேபிளாக ஏற்றுங்கள், பொருள் எண்ணை பிரைமரி கீ (ஒரே எண் இரண்டு தடவை வரவிடாது) ஆக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு டேபிளையும் ஜாயினால் இணைக்கும் குவெரி இவ்வளவுதான்:

அப்டேட் பொருள் பொ ஜாயின் வரிமாற்றம் ம ஆன் ம.எண் = பொ.எண் அண்ட் ம.பழையது = பொ.வரி
செட் பொ.வரி = ம.புதியது,
பொ.விலை = ரவுண்ட்(பொ.விலை * (100 + ம.புதியது) / (100 + ம.பழையது), 2);

வரி சேர்ந்த விலை 118 ரூபாய் இருந்த ஷாம்பூவின் வரி சேராத விலை 100, புதிய விலை 105. இந்தக் கணக்கில் பொ.வரியை நான் தொடவே இல்லை, இரண்டு சதவீதமும் வரிமாற்றத்தில் இருந்தே வருகின்றன. காரணம் இருக்கிறது. பல டேபிள் சேர்ந்த அப்டேட்டில் எந்த செட் முதலில் நடக்கும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் உத்தரவாதம் தருவதில்லை, இடமிருந்து வலம் என்பது ஒற்றை டேபிளுக்கு மட்டும். ம.பழையது = பொ.வரி என்ற நிபந்தனை இன்னொரு காவல். தவறி இரண்டாவது தடவை என்டர் தட்டினாலும், ஷாம்பூ இப்போது 5, பட்டியலில் 18, பொருந்தாது, விலை மறுபடி குறையாது. பிரைமரி கீ ஏன் என்றால், எக்ஸலில் ஒரே பொருள் இரண்டு தடவை வந்து இரண்டு வெவ்வேறு புதிய வரி இருந்தால், எது போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஏற்றும்போதே பிழை வருவது நல்லது.

போஸ்ட்கிரெஸில் இதே வேலைக்கு அப்டேட் ஃப்ரம், எஸ்க்யூலைட்டில் 2020-ல் வந்த 3.33 முதல் அதே மாதிரி, ஆரக்கிளிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் மெர்ஜ் உண்டு. இன்சர்ட் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் என்று ஒன்றை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். வேண்டாம். பட்டியலில் எண்ணைத் தப்பாக அடித்திருந்தால் அது புதிதாக ஒரு பொருளையே உருவாக்கப் பார்க்கும்.

லூப் மெதுவாக ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டோகமிட்தான். ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும் டிஸ்க்கில் எழுதி உறுதி செய்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும், 4000 தடவை. அதே லூப்பை ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷனுக்கும் கமிட்டுக்கும் நடுவில் போட்டாலே வேகம் தெரியும். எத்தனை மடங்கு என்பது உங்கள் டிஸ்க்கைப் பொறுத்தது, இங்கிருந்து எண் சொன்னால் அடித்துவிடுவதாக இருக்கும். பில் போடும் நேரத்தில் பாதி பொருளுக்குப் பழைய வரி, பாதிக்குப் புதியது என்று நிற்கும் நிலையையும் அந்த டிரான்ஸாக்‌ஷனே தடுத்துவிடும். டேபிளின் சேமிப்பு வகை இன்னோடிபியாக இருக்கவேண்டும், மைஐசாம் என்றால் ரோல்பேக் (செய்ததை ரத்து செய்வது) வேலை செய்யாது.

ஓட்டுகிற அன்று நான் செய்வது இப்படி. கடை மூடியதும் பேக்கப். அப்புறம் அப்டேட்டில் இருக்கும் அதே ஜாயினை செலக்டாக (எதையும் மாற்றாமல் எடுத்துக் காட்டும் குவெரி) எழுதி, பழையது, புதியது, எத்தனை பொருள் என்று குரூப் பை போட்டு எடுப்பேன். 28-ல் இருந்து 18-க்கு 61, 18-ல் இருந்து 5-க்கு 740 என்கிற மாதிரி ஐந்தாறு ரோ வரும். அதைக் கடைக்காரரிடம் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார், ‘மாடியில 61 அயிட்டம் ஏதுங்க, 40 தானே இருக்கு’ என்று. அந்த 21 என்ன என்று தேடிப் போனால் தப்பு அங்கே உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன், அப்டேட், ரோஸ் மேட்ச்டு எவ்வளவு, சேஞ்ச்டு எவ்வளவு என்று பார்த்து, செலக்டோடு ஒத்துப்போனால் கமிட், இல்லையென்றால் ரோல்பேக். நடுவில் ஆல்டர் டேபிள், கிரியேட் டேபிள் எதுவும் தட்டிவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் அங்கேயே கேட்காமல் கமிட் செய்துவிடும். வரி போடாமல் 'நல்' என்று விட்ட பொருட்கள் இந்த ஜாயினில் வரவே வராது, அவற்றை இஸ் நல் என்று தனியாகத் தேடுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. பில் விவர டேபிளில் ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய வரியைச் சேமிக்கிறீர்களா, அல்லது பில் அச்சாகும்போது பொருள் டேபிளில் இருந்து எடுக்கிறீர்களா? எடுக்கிறீர்கள் என்றால் எந்த அப்டேட்டையும் இப்போது ஓட்டாதீர்கள். ஆகஸ்டில் 28 சதவீதத்துக்கு விற்ற ஏசியை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் பில் 18 என்று அச்சாகும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் போட்ட கணக்கோடு ஒட்டாது. முதலில் பில் விவரத்தில் ஒரு வரி ஃபீல்டைச் சேர்த்து, பழைய பில்களுக்கெல்லாம் இன்றைய பொருள் டேபிளில் இருக்கும் பழைய வரியை அப்படியே நிரப்புங்கள். பேக்கப்பைத் திரும்பப் போட்டதால் அது இன்னும் கெடாமல் இருக்கிறது. அதற்கும் மேலே உள்ள ஜாயின் அப்டேட்தான். அந்த டேபிளின் அமைப்பை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.